முந்துதலும் உடன்செல்லுதலும்

இருவர் ஒரு வழியே நடக்கின்றனர். ஒருவருக்குக் கால் வலியது, மற்றவருக்கு மெலியது. வலியவர் தம் இயல்பான வேகத்தில் நடந்தால் மெலியவர் பின்தங்கிவிடுவார். மெலியவரின் அடிக்கு ஏற்ப நடந்தால் வலியவரின் ஆற்றல் பயனின்றிப் போகும். இவ்விடத்தில் அறம் யாது? விரைபவன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது கடமையா, கருணையா? கடமை எனின், விரும்பாது செய்யும் கடமை நாளடைவில் கசப்பாகும். கருணை எனின், அதனைப் பெறுபவன் தலைகுனிந்து நடக்க நேரும். இரண்டும் அன்றெனில், மூன்றாவது ஒன்று உளதோ?

வினா சிறியது போலத் தோன்றும். ஆயினும் நம் வாழ்க்கையில் இது தலைகாட்டாத நாள் இல்லை. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் இருவருள் ஒருவன் படிப்பில் முந்துகிறான், மற்றவன் பிந்துகிறான். ஒரே ஊரிலிருந்து ஒரே வண்டியில் வந்து தாதரில் இறங்கிய இருவருள், இருபது ஆண்டுகள் கழித்து, ஒருவர் செம்பூரில் அடுக்குமாடி வீடு வாங்குகிறார். மற்றவர் தாராவியின் பத்தடி அறையிலேயே இருக்கிறார். பிறகு திருமண வீடுகளில் சந்திக்கும்போது, முந்தியவருக்கு என்ன பேசுவதென்று தெரிவதில்லை. பிந்தியவருக்கு எதைப் பேசினாலும் குத்துவது போல இருக்கிறது. நட்பு அழிந்துவிடவில்லை, ஆனால் நடை நின்றுவிடுகிறது.

இவ்வினாவுக்கு நூல்களில் விடை தேடியவர் பலர். நமக்கோ, சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சஹ்யாத்திரி மலையின் ஒரு வழி இதனைக் கற்பித்தது. கற்பித்த முறை சற்றுக் கடுமையானது. நம் பெருமைக்கு உரியதன்று எனினும், உண்மையைச் சொல்லாமல் அறம் பேசுதல் தகாது என்பதால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம்.

நண்பரும் நாமும் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர்கள். மாட்டுங்காவில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருப்பவர்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஒரே பிரிவில் எழுத்தர்களாகப் பணியாற்றியவர்கள். அவர் நம்மினும் மூன்றாண்டு இளையவர். நம்மை 'அண்ணாச்சி' என்றே அழைப்பார். காலையில் மாட்டுங்கா நிலையத்தில் ஒரே பெட்டியில் ஏறி, மாலையில் ஒரே பெட்டியில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு காப்பி அருந்திவிட்டுப் பிரிவது பல்லாண்டு வழக்கம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு வந்தது. அவர் எழுதினார், தேறினார், உயர்ந்தார். நாம் எழுதவில்லை. அன்று முதல் நாம் குறிப்பெழுதி வைக்கும் கோப்புகள் அவர் மேசைக்குப் போகின்றன. பத்து, இருபது, முப்பது ஆண்டுப் பணி முடிவில் ஊதிய நிலை மட்டும் உயரும் ஏற்பாடு 2008 முதல் நடைமுறையில் இருப்பதால் நம் சம்பளம் சற்று ஏறியது. நாற்காலி மட்டும் ஏறவில்லை. அவர் அலுவலகத்தில்கூடக் குரலைத் தாழ்த்தி 'அண்ணாச்சி' என்றுதான் சொன்னார். நாம்தான் 'சார்' என்று சொல்லத் தொடங்கினோம். அதில் மரியாதை இருந்ததென்று பிறர் கருதினர். அதில் இருந்தது வேறு என்பதை நாம் அறிவோம். அவரும் அறிந்திருக்க வேண்டும். மாலைக் காப்பி எப்போது நின்றதென்று நினைவில்லை. நாம் வேறொரு வண்டியில் வரத் தொடங்கியிருந்தோம்.

இவ்வளவும் இருந்தும், இந்தத் தை மாதத்தில் அவரை மலைக்கு அழைத்தது ஏன்? பழைய அன்பு ஒரு காரணம் என்று நம்பினோம். மற்றொரு காரணத்தை மலையுச்சியில்தான் கண்டோம்.

மும்பையில் வாழும் தமிழருக்கு மலை அயலானதன்று. தபதி ஆற்றின் தென்கரையில் தொடங்கும் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் தெற்கு நோக்கி நீண்டு, நம் பொதிகையைத் தொட்டுக் குமரி முனைக்கு அருகில் முடிகிறது. 2012-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தொடர் இது. ஊரில் பொதிகையைப் பார்த்து வளர்ந்தவன் இங்கே சஹ்யாத்திரியைப் பார்க்கும்போது, உறவினரின் மற்றொரு கிளையைக் கண்டவன் போல ஆகிறான். கல் வேறு, அங்கே மிகப் பழைமையான பாறை, இங்கே ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து இறுகிய கருங்கல். எனினும் முதுகெலும்பு ஒன்றே.

நாம் தெரிந்தெடுத்த வழி, லோணாவளாவுக்கு அடுத்த மளவலி நிலையத்தில் இறங்கி, பாஜே குடைவரைகளைக் கண்டு, விசாப்பூர்க் கோட்டை மலையில் ஏறி, மறுபுறம் கணவாய்க்கு இறங்கி, லோஹகட் கோட்டை மலையில் ஏறி, அங்கிருந்து தேளின் கொடுக்குப் போல நீண்டு கிடக்கும் 'விஞ்சுகாட்டா' என்னும் முனைவரை சென்று திரும்புவது. ஒரு பகலில் மூன்று முனைகள். முன்பனிக் காலம் இதற்கு ஏற்றது. மழைக்காலத்து வழுக்கல் இல்லை. கோடையின் அனல் இல்லை. புல் காய்ந்து பொன்னிறமாகி வழி தெளிவாகத் தெரியும்.

அதிகாலையில் தாதரில் புணே வண்டி ஏறினோம். கர்ஜத்தில் வண்டி நின்றபோது பின்புறம் இஞ்சின்கள் கொண்டுவந்து பூட்டப்பட்டன. 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதை அது. முன்னிஞ்சின் இழுப்பது போதாமல், பின்னின்று தள்ளும் துணையிஞ்சின்களின் உதவியோடு வண்டிகள் ஏறும். மேலே சென்றதும் அவை கழற்றிவிடப்படும். நண்பர் சன்னல் வழியே அதனைப் பார்த்துவிட்டு, “தள்ளிவிடுறவன் பேரு பலகையில இருக்காது அண்ணாச்சி” என்றார். சாதாரணப் பேச்சு. நம் செவிக்கு அது சாதாரணமாக இல்லை. நம்மைத்தான் சொல்கிறாரோ என்று தோன்றியது. பொறாமை கொண்டவனுக்கு இரண்டு செவிகள் போதா; எல்லாச் சொல்லிலும் தன் பெயரைக் கேட்கும் மூன்றாவது செவி ஒன்று அவனுக்கு முளைத்துவிடுகிறது.

பாஜேயில் இருபத்திரண்டு குடைவரைகள் உள்ளன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் பௌத்தத் துறவியருக்காகக் குடையத் தொடங்கியவை. மழைக்காலத்தில் அலைந்து திரியாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது அத்துறவியரின் விதி. தனித்தனியே நடந்தவர்கள் அந்நாட்களில் ஒன்றாகத் தங்கினர். பெரிய வழிபாட்டுக் கூடத்தின் வளைந்த கற்கூரையின் கீழே மரத்தாலான விலாச் சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. மலையைக் குடைந்த கூரைக்கு மரத்தின் தாங்கல் தேவையில்லை. முன்பு மரத்தால் கட்டிய கூடங்களின் நினைவாக அவற்றை வைத்திருக்கின்றனர். நண்பர் அண்ணாந்து பார்த்து வியந்தார். நாமோ, பாரம் தாங்காமல் வரிசையில் நிற்கும் அச்சட்டங்களில் நம் அலுவலக வாழ்வைக் கண்டு மனம் சுருங்கினோம்.

அங்கிருந்து விசாப்பூருக்கு ஏறும் வழி, நீர் வற்றிய ஓடையின் பாறைகள் மேல் செல்கிறது. மேலே செல்லச் செல்லப் பாறையில் வெட்டிய படிகள் தென்படும். பாறையில் செதுக்கிய அனுமன் உருவம் ஒன்றும் உண்டு. படிகள் என்றாலும் நம் வீட்டுப் படிகள் அல்ல. சில முழங்கால் உயரம் இருக்கும். நாம் நாள்தோறும் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி நடப்பவர். மூச்சு வாங்கவில்லை. நண்பர் கால்மணி நேரத்திலேயே பின்தங்கினார். ஒருமுறை நின்றோம். அவர் வந்து சேர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நீங்க போங்க அண்ணாச்சி. நான் பைய வாரேன்” என்றார்.

நாம் போனோம்.

அந்த அரைமணி நேரத்து ஏற்றத்தை இங்கு ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதைப் போல மகிழ்ச்சியாக நாம் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. காற்று குளிர்ந்திருந்தது; கால்கள் இலேசாயின. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே பார்த்தோம். பாறைகளுக்கிடையே அவரது வெண்ணிறத் தொப்பி சிறுத்துக்கொண்டே போயிற்று. அது சிறுக்கச் சிறுக்க நம் உற்சாகம் பெருகிற்று. இயற்கையின் எழில் தந்த உற்சாகம் என்றுதான் அப்போது எண்ணினோம்.

விசாப்பூரின் உச்சி ஒரு முனையன்று, பரந்த மேட்டுநிலம். நெடிய மதில்கள், பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள், சுண்ணாம்பு அரைத்த பெரிய கற்சக்கரம் எனப் பழைய நாட்களின் எச்சங்கள் காய்ந்த புல்லிடையே கிடக்கின்றன. வடக்கே பள்ளத்தாக்கில் இருப்புப்பாதையும் விரைவுச்சாலையும் நூலிழைகளாகத் தெரிந்தன. தெற்கே பவனா அணையின் நீர்ப்பரப்பு. மேற்கே சற்றுத் தாழ்வாக, கைநீட்டினால் தொடலாம் போல, லோஹகட்.

விசாப்பூரின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1084 மீட்டர். லோஹகட் ஏறத்தாழ 1033 மீட்டர். ஐம்பது மீட்டர் வேறுபாடு. ஆனால் புகழில் லோஹகட்டே முந்தியது. சிவாஜி அதனைக் கைப்பற்றியதும், 1665-ஆம் ஆண்டுப் புரந்தர் உடன்படிக்கையில் முகலாயரிடம் இழந்ததும், 1670-இல் மீட்டதும் வரலாறு. பேஷ்வாக்கள் காலத்தில் நானா பட்னவீஸ் அங்கே குளம் வெட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாயில்கள் அதனைக் காத்தன. எனினும் 1818 மார்ச்சில் ஆங்கிலப் படை முதலில் விசாப்பூரைப் பிடித்தது. அங்கே பீரங்கி ஏறிவிட்டால் லோஹகட்டின் வாயில்கள் நான்கும் எதற்கு? மறுநாளே அதுவும் கைமாறிற்று. உயர்ந்த அண்டை வீடு பகைவன் கையில் சிக்கினால் தாழ்ந்த வீட்டுக்குக் கதவு இருந்தும் பயனில்லை.

இதையெல்லாம் நினைத்தவாறு மதிலோரம் அமர்ந்திருந்தோம். இருபத்தைந்து நிமிடம் கழித்து நண்பர் வந்தார். முகம் வெளுத்திருந்தது; ஆனாலும் சிரித்தார். தண்ணீர் கொடுத்தோம். கொடுத்துவிட்டு ஒரு சொல்லும் சொன்னோம்: “ஆபீஸ்ல ஏறுற மாதிரி இல்ல தம்பி, இது.”

எட்டாண்டுக் காலம் நாவின் கீழ் வைத்திருந்த சொல் அது. நண்பர் ஒரு கணம் நம்மைப் பார்த்தார். பிறகு, “ஆமா அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு மீதித் தண்ணீரைக் குடித்தார். அவர் ஏதேனும் திருப்பிச் சொல்லியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அவரை மலைக்கு அழைத்ததன் மற்றொரு காரணம் அப்போது நமக்கே வெளிப்பட்டது. அலுவலகத்தில் முந்தியவரை இங்கே பிந்தவைத்துப் பார்க்க விரும்பியிருக்கிறோம். அதற்கு ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது.

இரு மலைகளுக்கும் இடையே உள்ளது காய்முக் கணவாய். அதற்கு இறங்கும் வழி செங்குத்தானது. பிறகு சிறு காட்டினூடே செல்வது. ஏறும்போது மறைத்தவற்றை இறங்கும்போது உடல் சொல்லிவிடும். நண்பர் ஒவ்வோர் அடியையும் இடக்காலால் சோதித்து, வலக்காலைப் பின்னால் இழுத்து வைத்தார். கைகொடுத்தபோது மறுத்தார், இரண்டாவது முறை பற்றிக்கொண்டார். கணவாயில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே மரப்பலகையில் அமர்ந்து காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். வலமுழங்கால் வீங்கி, கட்டுத்துணியை மீறிப் புடைத்திருந்தது.

சென்ற மழைக்காலத்தில் நிலையத்துப் படிகளில் வழுக்கி விழுந்ததாகவும், படி ஏறி இறங்குவதைக் கூடுமானவரை தவிர்க்குமாறு மருத்துவர் சொல்லியிருப்பதாகவும் அவர் மெல்லச் சொன்னார். அப்படியெனில் ஏன் வந்தீர் என்று சற்றுக் கோபத்துடனேயே கேட்டோம். அவர் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எட்டு வருஷம் கழிச்சு அண்ணாச்சி ஒரு எடத்துக்குக் கூப்பிடுதீங்க. முட்டு வலிக்குன்னு சொல்ல மனசு வரல.”

நாம் பேசவில்லை. கடைக்காரர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். நண்பர், லோஹகட் படிகளைக் காட்டி, “நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. நான் இங்கன இருக்கேன். ஒண்ணுமில்ல” என்றார்.

'நீங்க போங்க, ஒண்ணுமில்ல.' இச்சொற்களை எங்கோ முன்பே கேட்டிருந்தோம். எங்கே என்று எண்ணியபோது, சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. எட்டாண்டுகளுக்கு முன்பு, தேர்வு அறிவிப்பு வந்த மாலையில், சேர்ந்து படிக்கலாம் என்று நண்பர் நம் வீட்டுக்கு வந்தார். விதிநூல்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். குடும்பத்தில் சில பொறுப்புகள் உள்ளன, இவ்வாண்டு இயலாது, நீ எழுது தம்பி, ஒன்றுமில்லை என்றோம். பொறுப்பு ஒன்றும் இல்லை. தோற்றுவிடுவோமோ என்னும் அச்சமே இருந்தது. இளையவர் தேறி நாம் தேறாமற்போனால் முகத்தை எங்கே வைப்பது என்னும் கூச்சம் இருந்தது. அவர் இருமுறை கேட்டார், இருமுறையும் மறைத்தோம். அவர் நம் சொல்லை நம்பித் தனியே போனார். போகச் சொன்னவர் நாம். பிறகு, போய்விட்டார் என்று அவர்மேல் எட்டாண்டு குறைபட்டவரும் நாமே.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா தலைகீழாகத் திரும்பியது. விரைபவனின் கடமை யாது என்றே அறநூலார் பெரிதும் ஆராய்கின்றனர். பின்தங்குபவனுக்கும் ஒரு கடமை உண்டன்றோ? தன் கால் நோவைச் சொல்வதே அக்கடமை. சொல்லாதவனுக்காக உலகில் யாரும் நிற்க இயலாது. சொல்லாமல் இருந்துவிட்டு, நிற்கவில்லையே என்று நோவது அறமாகாது.

வள்ளுவர் நட்பைப் பற்றித் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் 'பழைமை' என்பதும் ஒன்று. நெடுநாள் நண்பர் கேளாமலே எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுவது. நண்பன் நம்மைக் கேளாது ஒன்றைச் செய்துவிட்டால் அதனைப் பொறுத்தல் நட்புக்கு அழகு. ஆனால் நோவை மறைக்கும் உரிமை அப்பழைமையுள் அடங்குமா என்பது நம் ஐயம். அயலாரிடம் நோவை மறைப்பது நாகரிகம். நண்பரிடம் மறைப்பது அவரை அயலாராக்குவது.

விரைபவனின் பிழையும் சிறிதன்று. வியாச பாரதத்தின் பதினேழாம் பருவத்தில், பாண்டவர் ஐவரும் பாஞ்சாலியும் அரசு துறந்து வடதிசை மலைநோக்கி நடக்கின்றனர். முதலில் பாஞ்சாலி வீழ்கிறாள். பின் சகாதேவன், நகுலன், அருச்சுனன், இறுதியில் வீமன். தருமன் திரும்பிப் பாராது நடக்கிறான். வீழ்ந்தவர் ஏன் வீழ்ந்தார் என்று வீமன் கேட்குந்தோறும் ஒரு குறையைச் சொல்கிறான்: இவளுக்கு ஒருவன்பால் மிக்க அன்பு, இவனுக்கு அறிவுச் செருக்கு, இவனுக்கு அழகுச் செருக்கு என்று. அக்கதைக்கு உயர்ந்த தத்துவப் பொருள் உண்டென்பதை மறுக்கவில்லை. எனினும் அந்தக் கணவாயில் வீங்கிய முழங்காலைப் பார்த்தபோது நமக்குத் தோன்றியது ஒன்றுண்டு. முந்தி நடப்பவன் எவனும் பின்தங்கியவனின் குறையைத் தேடிச் சொல்லுகிறான். குறையைச் சொல்லிவிட்டால் நிற்கவேண்டியதில்லை. “ஆபீஸ்ல ஏறுற மாதிரி இல்ல” என்று நாம் சொன்னதும் அத்தகையதே. அதே தருமன், இறுதியில் உடன்வந்த நாயை விட்டுச் சுவர்க்கத் தேரில் ஏற மறுத்தான். அவனை உயர்த்தியது முன்னே நடந்த நடையா, அந்த நாய்க்காக நின்ற நிலையா?

இக்காலத்து மலையேறுவோரிடத்தும் இதற்குச் சான்று உண்டு. 1953 மே 26-ஆம் நாள், எவரெஸ்டின் உச்சிக்குச் சுமார் முந்நூறு அடி கீழே உள்ள தென்சிகரத்தை பூர்தில்லன், எவான்ஸ் என்னும் இருவர் அடைந்தனர். அதுவரை மனிதர் அங்கே கால்வைத்ததில்லை. உயிர்வளிக் கருவி பழுதுபட்டிருந்தது, பொழுதும் கடந்திருந்தது. உலகின் உச்சி கண்ணெதிரே நிற்க, இருவரும் திரும்பினர். மூன்று நாள் கழித்து ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சியை அடைந்து மீண்டபோது, முன்னவர் வழியில் விட்டுச்சென்ற குடுவைகளில் மிஞ்சியிருந்த உயிர்வளி அவர்களுக்கு உதவிற்று. முதலில் உச்சியில் கால்வைத்தவர் யார் என்று உலகம் கேட்டது. இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்றனர். 1955-இல் வெளிவந்த தம் வரலாற்றில் டென்சிங்தாம், முதலில் வைத்தவர் ஹில்லாரி என்று எழுதினார். ஒரே கயிற்றில் பிணைந்தவருள் முதல்வன் யார் என்பது கயிற்றுக்கு வெளியே நிற்பவர் கேட்கும் கேள்வி.

நம்மிடம் கயிறு இல்லை. லோஹகட் படிகள் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. விரைந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்வரலாம். ஆசை இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்யாகும். நாம் எழவில்லை. தேர்வு அறிவிப்பு வந்த மாலையில் சொன்னது பொய் என்பதை நண்பரிடம் சொன்னோம். விசாப்பூரின் மேல் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டோம். சொற்கள் அழகாக வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வயது நம்முடையது.

நண்பர் சற்று நேரம் தேநீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அன்னைக்கு மட்டும் உண்மையைச் சொல்லிருந்தா, அடுத்த வருஷம் ரெண்டு பேருமா எழுதிருக்கலாமே அண்ணாச்சி. எனக்கும் தனியாப் படிக்கப் பயமாத்தான் இருந்துச்சு.”

அவருக்கும் அச்சம் இருந்தது என்பதை எட்டாண்டுகளாக நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. முந்தியவன் அச்சமின்றி முந்தினான் என்று கருதுவது பின்தங்கியவனின் வசதியான கற்பனை.

லோஹகட்டையும் விஞ்சுகாட்டாவையும் அன்று நாம் ஏறவில்லை. கணவாய்க்கு அருகில் லோஹகட்வாடிச் சிற்றூர்வரை வண்டிப்பாதை உண்டு. நண்பரின் தோளைத் தாங்கி அங்குவரை நடந்தோம். ஜீப் ஒன்று கிடைத்தது. மூன்று முனைகளைக் காணப் போனவர் ஒரு முனையைக் கண்டு திரும்பினோம்.

ஜீப்பில் வரும்போது நண்பர் லோஹகட்டைத் திரும்பிப் பார்த்து ஒரு செய்தி சொன்னார். 2025 ஜூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகள் உலக மரபுச் சின்னங்களாயின. பதினொன்று மகாராஷ்டிரத்தில், அவற்றுள் லோஹகட்டும் ஒன்று. பன்னிரண்டாவது நம் செஞ்சி. அதைக் கேட்டதும் நமக்கு ஓர் ஒப்புமை தோன்றியது. செஞ்சியும் ஒரு குன்றன்று. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். உயரத்தில் மூன்றும் ஒன்றல்ல, இராசகிரியே ஓங்கியது. ஆனால் மூன்றையும் ஒரே நெடுமதில் வளைத்துப் பிணைத்திருக்கிறது. சிவாஜி 1677-இல் கைக்கொண்ட அக்கோட்டையில் பின்பு இராசாராம் தங்கியிருந்தபோது முகலாயப் படை முற்றுகையிட்டது. 1690-இல் தொடங்கிய முற்றுகை முடிந்து கோட்டை வீழ 1698 ஆயிற்று. விசாப்பூரும் லோஹகட்டும் அண்டையில் இருந்தும் தனித்தனிக் கோட்டைகள். ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. போர்களின் முடிவுக்குக் காரணங்கள் பல என்பதை அறிவோம். எனினும் உயரம் வேறுபட்ட குன்றுகள் ஒரே கோட்டையாவதற்கு உயரம் சமமாக வேண்டியதில்லை. இடையே மதில் ஒன்று வேண்டும். நட்புக்கு அம்மதில் மறைக்காமல் பேசுதலே என்று கொள்ளலாம்.

ஆக, தொடக்கத்து வினாவுக்கு நாம் கண்ட விடை இது. உடன் நடப்பவனுக்காக வேகத்தைக் குறைத்தல் கடமையும் அன்று, கருணையும் அன்று. இருவரும் ஒன்றாகப் போவது என்று புறப்பட்டபோதே வழி இருவருக்கும் பொதுவாயிற்று. வழி பொதுவாயின் வேகமும் பொதுவே. பொதுவான ஒன்றில் ஒருவர் மற்றவருக்கு ஈவது என்பது இல்லை. ஆனால் அப்பொது வேகத்தைக் கணக்கிட இரண்டு செய்திகள் தேவை. மெலிந்தவர் தம் நோவைச் சொல்லவேண்டும். வலியவர் தம் ஆசையைச் சொல்லவேண்டும். இரண்டில் ஒன்று மறைக்கப்பட்டாலும் நடப்பவர் இருவரும் பொய் வேகத்தில் நடக்கின்றனர். பிறகு, தனித்தனியே போகலாம் என்று முடிவு செய்தாலும் அதில் குற்றமில்லை. சொல்லிப் பிரிவதும் உடன்செல்லுதலின் ஒரு வகையே. சொல்லாமல் அருகில் நடப்பதுதான் பிரிவு.

அலுவலகத்தில் அவர் நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. நம் நாற்காலியும் அப்படியே. மலை ஒரு பகலில் மாற்றக்கூடியவை அல்ல அவை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க நமக்கு இன்னும் தகுதி உண்டு என்று நண்பர் விதியைக் காட்டினார். விதிநூல்கள் அவர் வீட்டில் இருக்கின்றன. தேறுவோமா என்பது தெரியாது. அச்சம் இருக்கிறது என்று இம்முறை அவரிடம் சொல்லிவிட்டோம்.

அன்றிரவு தாதரில் வண்டி மாறி மாட்டுங்காவில் இறங்கினோம். நிலையத்து மேம்பாலத்தில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு ஓடிற்று. ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து நண்பர் இறங்கினார். கைப்பிடிப் பக்கத்தை அவருக்கு விட்டு நாம் இப்பக்கம் நின்று இறங்கினோம். இருவராக வழியை அடைத்துக்கொண்டு போகிறீர்களே என்று பின்னால் ஒருவர் மராத்தியில் கடிந்துகொண்டார். அவருக்கு வழிவிட்டோம். பாலத்தின் அடியில் பூக்கடைகள் இன்னும் மூடவில்லை. காப்பிக் கடையும் திறந்திருந்தது.